பிறந்த வீட்டுக் கருப்புத் துணி

கோட்டூர்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. உன் சௌக்கியத்தைக் கேட்கவும் எனக்கு இப்போது மனமில்லை. நீ சொல்வதை நம்புகிற நிலையில் நான் இல்லை. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. ஆற்றங்கரையில் நீ கட்டி வைக்கிற பொறியில் எத்தனை ஈ விழுந்தது என்று கேட்டால் மட்டும் உகாண்டாவில் உள்ள அத்தனை டவரும் ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதை நீ பாதியில் வைத்துவிட முடியாது.

ஷரஃபுதீன் பாய் துணி பேலோடு இதையும் கொண்டு வருவார். போன தடவை கம்பாலாவுக்குச் சரக்கு எடுத்துப் போனவர், நான் கேட்டுக்கொண்டதற்காக உன் முகாம் வரைக்கும் வந்து பார்த்தார் இல்லையா? ஊர் திரும்பியதும் நேரே நம் கடைக்கு வந்துவிட்டார். கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நீ நன்றாகக் கவனித்தாய், சோறு பொங்கிப் போட்டாய் என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். "பாப்பா பேசிக்கிட்டே இருக்குது அண்ணாச்சி, அப்படியே கண்ணு சொருகிடுது. பட்டப் பகல்ல" என்றார். கழுத்தின் பின்பக்கத்தை அடிக்கடி தடவிக்கொள்கிறாய் என்றும் சொன்னார்.

அவருக்கு அது அலுப்பாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. செட்சி ஈ கடித்தால் தூக்க வியாதி வரும், முதலில் விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும், கழுத்தில் நெறி கட்டும், கவனிக்காமல் விட்டால் மூளைக்கு ஏறிவிடும், அப்புறம் பகலில் தூக்கம் ராத்திரியில் விழிப்பு என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எங்களுக்குப் பாடம் எடுத்தவள் நீதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே போய்விடும், பயப்படாதீர்கள் என்றாய். பயப்படாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் போனாய், சரி. சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டியது யார்? ஆற்றங்கரைக் கிராமத்தில் கைக்குழந்தையைக்கூட விடாமல் விரலில் குத்தி ரத்தம் எடுக்க வைக்கிறாய். உன் விரல் என்ன தங்கமா? ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். மூன்று தடவை காய்ச்சல் வந்து போனதை மலேரியா என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாயாம். அதையும் பாய் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

இனி துணி விஷயம். நீ கேட்ட கேள்விக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. என்ன நடந்தது என்று எனக்கே அப்போது தெரியாது.

உங்கள் ஈ ஒழிப்புத் திட்டத்துத் துணி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதென்று, பொறி தைப்பதற்கு நீலமும் கருப்பும் அவசரமாக அனுப்பச் சொன்னாய். ஈ நீலத்தைப் பார்த்துத்தான் பறந்து வரும், ஆனால் கருப்பில்தான் உட்காரும், இரண்டும் சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நானே நின்று எடுத்து வைத்தேன். பேல் கட்டும் அன்றைக்குத்தான் சொந்தக்காரர் கல்யாணம் என்று தூத்துக்குடிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் சரக்கு கப்பல் ஏறிவிட்டது. இப்போது நீ, கருப்பு வெயிலில் வெளுத்தால் பழுப்பாகத்தானே ஆகும், இது ஏன் அப்பா நீலமாக வெளுக்கிறது என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். ஜவுளிக்காரன் வீட்டுப் பெண் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அது கருப்பே இல்லை. பள்ளிக்கூடச் சீருடைக்குக் கொடுக்கிற அடர் நீலம். கடை விளக்கில் பார்த்தால் நானே ஏமாந்துவிடுவேன்.

கடையில் துணி அளந்து கொடுக்கிற தாரணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அழுதுகொண்டே, அம்மாதான் மாற்றச் சொன்னார்கள் என்றாள்.

நம்புவாயா? நாற்பது வருஷமாக ஜவுளிக்கடைக்காரன் பெண்டாட்டியாக இருக்கிறவள். ஏன் தங்கபுஷ்பம் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், கொஞ்சமும் கூசாமல், "எம்பிள்ளைக்குப் பொறந்த வீட்டுலருந்து கருப்புத் துணியா போவணும்? பாக்கதுக்குக் கருப்பு மாதிரித்தான இருக்கு, ஈக்கு என்ன தெரியும்?" என்கிறாள். கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணுக்கு வீட்டிலிருந்து கருப்பு போகக்கூடாதாம். போதாததற்கு ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் மஞ்சள் வேறு தடவியிருக்கிறாள். துணி உனக்கு இல்லை, ஈக்குத்தான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். யாரை நொந்துகொள்வது?

ஈக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை. நீலத்தைப் பார்த்து வந்த ஈ, உட்காருவதற்குக் கருப்பைக் காணாமல் பொறியைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. பொறி காலியாக இருந்ததால் கரையில் ஈ இல்லை என்று உங்கள் ஆபீஸ் எழுதிக்கொண்டது. ஈயைக் கொல்ல மருந்து தோய்த்துக் கட்டியிருந்த திரைகளை எல்லாம் கழற்றி வேறு கரைக்குக் கொண்டுபோனது. பிறகு அந்தக் கிராமத்தில் இரண்டு பேருக்கு வியாதி என்று தெரிந்ததும், பொறி பொய் சொல்கிறதா என்று பார்க்கிறேன் என்று நீ போய்த் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்தாய். வாரக்கணக்கில் உட்கார்ந்தாய். ஈ உன்னைக் கடித்தது. வரிசையாக யோசித்துப் பார்த்தால் எனக்குக் கடையில் கை ஓட மாட்டேன் என்கிறது. சேலை கேட்டு வருகிறவர்களிடம் எரிந்து விழுகிறேன்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? மழை விட்டதிலிருந்து நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் டெங்குவில் படுத்திருக்கிறார்கள். எல்லாரும் படுத்த பிறகு புகை அடிக்க வண்டி வருகிறது. மொட்டை மாடியில் கிடக்கிற பழைய தொட்டியை யாரும் கவிழ்க்கவில்லை. தண்ணீரில் புழு இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள், புகை அப்புறம் அடிக்கலாம் என்று உன் பாடத்தை நான் ஒப்பித்தேன். வந்தவன், "சார், இன்னா பெரிய டாக்டரா நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். பாதி நாள் நானும் உன் வேலையைத்தான் பார்க்கிறேன். நான் சொன்னால்தான் யாரும் கேட்பதில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். பழைய துணிக்குப் பதிலாக வருகிற இந்தப் பேலை அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், அப்புறம் துணி போகட்டும், அப்போதுதான் உனக்கு உறைக்கும் என்று பாயிடம்கூடச் சொல்லி நிறுத்தி வைத்தேன். உங்கம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. மறுநாள் மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் இடிபட்டு, முட்டி வலியோடு தனியாகக் கடைக்கு வந்தாள். கருப்புத் துணியைத் தன் கையாலேயே எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டு மீட்டர் கிழித்து வாசல் வெயிலில் பிடித்து, கருப்புதானா என்று என்னையும் தாரணியையும் பார்க்கச் சொன்னாள். பிறகு முழுவதையும் அவளே மடித்தாள். "அந்தக் கரையில கெடக்கதும் ஒருத்தி பெத்த பிள்ளைகதான" என்றாள். மஞ்சள் டப்பாவை எடுக்கவே இல்லை. எனக்கும் அவளைத் திட்ட வாய் வரவில்லை.

ஆகவே துணி வருகிறது. இது அசல் கருப்பு. தைத்துக் கட்டி, உன் ஈயை எண்ணிக்கொள். நிபந்தனை எதுவும் போடவில்லை. போட்டாலும் நீ கேட்கப் போவதில்லை.

உங்கம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ கூப்பிட்டால் போனை என்னிடம் தள்ளிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். கோபம் என்று நினைத்துவிடாதே. துணியால்தான் இப்படி ஆனது என்று நான் அவளிடம் விளக்கிச் சொல்லவில்லை, ஆனால் பாய் சொன்னபோது அவளும் கடையில்தான் இருந்தாள்.

முகாமிலேயே டாக்டர் இருக்கிறார். ஒரு துளி ரத்தம்தான். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் எழுந்து போ. பொறியை நாளைக்குப் பார்க்கலாம். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் தாயே, இதற்கு முன் உன்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தால் அந்த நிமிஷமே வீட்டுக்குக் கூப்பிட்டு உங்கம்மாவிடம் சொல். எனக்கு முன்னால் அவளிடம் சொல். இருக்கிறது என்று வந்தால் வீட்டுக்குக் கூப்பிடாதே. கடை போனுக்கு அடி. மாத்திரை முடிகிற வரைக்கும் உனக்கு வந்தது வெறும் மலேரியாதான் என்று நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். நீயும் அப்படியே சொல்.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அப்பா,
அய்யாதுரை