கலைந்ததும் கலைத்ததும்

எப்போது கூப்பிட்டாலும் 'இன்னாடி' என்று மட்டுமே திரும்பிப் பார்க்கும் என் மல்லிகா அக்காவுக்கு,

நன்றாகத்தான் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய் என்னை. மஞ்சள்காமாலையில் படுத்தவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "செல்விய பாத்துக்கோடி" என்றாய். பார்த்துக்கொள்வது என்றால் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பது, மாமியார் வீட்டில் சண்டை என்றால் காட்டுப்பாக்கம் வரை பஸ் ஏறிப் போய் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்றுதான் நினைத்தேன். உன் மகள் இப்படி ஒரு கேள்வியோடு என் முன்னால் வந்து உட்காருவாள் என்று யார் கண்டது?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். செல்வி முழுகாமல் இருந்தாள். தலைச்சன். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்தபோது பூந்தமல்லிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். நம் காலத்தில் உள்ளே இருப்பதை யார் பார்த்தார்கள்? இப்போது டிவி மாதிரி ஒரு பெட்டியில் தெரிகிறது. குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடவில்லை, தலையில் நீர் கோத்திருக்கிறது என்றாராம் டாக்டரம்மா. பிறக்கலாம், பிழைக்கவும் செய்யலாம். பிழைத்தால் நடக்காது, மற்றதெல்லாம் போகப் போகத்தான் தெரியும். வேண்டாம் என்றால் சட்டம் இன்னும் கொஞ்ச நாள்தான் இடம் கொடுக்கும், வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் பேசினார்கள். மாமியார் வேண்டவே வேண்டாம் என்றாள். புருஷன்காரன், "உன் இஷ்டம்" என்றான். இந்த 'உன் இஷ்டம்' இருக்கிறதே அக்கா, அதைச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நிற்பது எவ்வளவு சௌகரியம் பார்த்தாயா. அவள் அங்கிருந்து கிளம்பி ஆவடிக்கு, எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "சித்தி, அம்மா இருந்தா இன்னா சொல்லும்?" என்றாள்.

எனக்கு உடனே உன் மேல்தான் கோபம் வந்தது. பதில் சொல்ல வேண்டியவள் நீ. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உனக்கு மூன்றாவது தரித்தபோது நாம் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் கம்பெனியில் இருந்தோம். நல்லதை ஒரு டிரேயிலும் பழுதை இன்னொன்றிலும் போடுகிற வேலை. வயிறு தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். உன் வீட்டுக்காரருக்கு வேலை இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஆனால் நீ அதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. "ரெண்டு போதும்டி. என்னால முடில" என்றாய், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை லீவு போட்டாய், திங்கட்கிழமை வெளுத்த முகத்தோடு வந்தாய்.

நம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் சண்டை போடவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டாள். "உயிரு குடுத்தவரு ஒருத்தரு கீறாரு. எடுக்க நம்ம யாரு மல்லிகா?" நீ வாஷரைப் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாய். அயனம்பாக்கத்தில் ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த குடும்பம் உன்னுடையது. வேறெந்தப் பதில் வரும்?

"வெத நெல்லும் சோத்து நெல்லும் ஒரே மூட்டதான். ஒலைல போட்டுட்டு, ஐயோ ஒரு பயிர கொன்னுட்டேன்னு யார்னா அழுவாங்களா?"

"மூட்டைல கீற நெல்லு சரி. ஊறப்போட்டு முள வுட்டப்புறம்?" என்றாள் ஸ்டெல்லா.

உன் கை அப்படியே நின்றது. "அதான் எனக்கும் தெரில. எந்த நாளு வரைக்கும் நெல்லு, எந்த நாள்லேர்ந்து நாத்துன்னு எவ சொல்லுவா? தெரியாமதான் போய்ட்டு வந்தேன்" என்றாய். 

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு நாளில் நீ மறுபடி படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு, கம்பெனிப் பெண்கள் ரொட்டி வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தார்கள். "கலஞ்சிடுச்சாமே, பாவம்" என்றாள் ஒருத்தி. உன் வீட்டுக்காரர் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நீ பாயில் எழுந்து உட்கார்ந்து, "கலயல. நான்தான் கலச்சேன்" என்றாய். வந்தவர்களில் பாதிப் பேர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

கொல்லைப்பக்கம் உன்னை இழுத்துப் போய்க் கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? "ஒன்னய யாருக்கா கேட்டா? கலைஞ்சிட்டுன்னு சொல்லிட்டுப் போனா என்ன கொறஞ்சிரும்?" ஒரே ஒரு எழுத்துதானே வித்தியாசம். தானாகப் போனால் கலைந்தது, நாமாகப் போக்கினால் கலைத்தது. அந்த ஒரு எழுத்துக்காக ஊர் வாயில் விழ வேண்டுமா என்பது என் கணக்கு.

நீ சொன்னது வேறு. "கலஞ்சிச்சின்றது உன்னுதுடி கோமதி. ஆசப்பட்டு ஆசப்பட்டு, ரெண்டு வாட்டி அழுதுகினு கெடந்தவ நீ. உன் துக்கத்த எடுத்து நான் போத்திக்கினா நல்லாவா கீது?"

நான் அங்கேயே அழுதேன். எனக்காகப் பார்க்கிறாயே என்ற பாசம் கொஞ்சம், மீதியெல்லாம் ஆத்திரம். எனக்கு வேண்டும் வேண்டும் என்று வேண்டியும் தங்கவில்லை. உனக்குத் தானாக வந்து தங்கியதை நீ அனுப்பிவிட்டாய். அந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் வயிறு காலியாக இருக்கிறது என்பதற்காக, நீ உன் வயிற்றில் சுமக்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வெகு காலம் பிடித்தது.

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. நாள் தள்ளிப்போன அன்றைக்கே நான் அதைப் பிள்ளை என்றேன், பேர்கூட யோசித்தேன். அதே நாள்கணக்கில் நீ உன்னுடையதை 'அது' என்றாய். இரண்டும் ஒரே அளவுதானே இருந்திருக்கும்? வேண்டும் என்று நினைப்பவள் வயிற்றில் பிள்ளை, வேண்டாம் என்பவள் வயிற்றில் வெறும் சதை என்று இருக்க முடியுமா? அப்படியானால் யாருமே வேண்டாம் என்று விட்டுவிட்ட மனிதர்கள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறார்களே, அவர்களும் யாரும் இல்லையா? அது தப்பு என்று நன்றாகத் தெரிகிறது. ஆனால் இல்லை, இரண்டுமே பிள்ளைதான் என்றால் உன்னை என்னவென்று சொல்வது? அந்தச் சொல்லை உன் மேல் வைக்க என் வாய் வரவில்லை அக்கா. உன்னை எனக்குத் தெரியும்.

செல்வியிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். "ஒங்கம்மா அவ வயித்துக்குத்தான் முடிவு எடுத்தா. ஒன் வயித்துக்கு எடுக்க மாட்டா" என்றேன். அவள் விடவில்லை. "நீயாவது சொல்லேன் சித்தி."

நான் என்ன சொல்வேன்? எங்கள் பிளாக்கில் பாபு என்று ஒரு பையன். கால் இரண்டும் வராது. கேரம்போர்டில் கள்ள ஆட்டம் ஆடுவான், கேட்டால் என்னையே பொய்க்காரி ஆக்கிவிடுவான். அவன் முகத்தைப் பார்த்து, நீ பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று எவளால் சொல்ல முடியும்? அவனை இடுப்பில் வைத்து மாடி ஏறி ஏறி, அவன் அம்மா முதுகு கூனிவிட்டது. நான் இல்லாவிட்டால் இவனை யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்கும்போது, பதில் சொல்லவும் யாராலும் முடியவில்லை. இரண்டையும் செல்விக்குச் சொன்னேன். எது கனம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல?

நான் வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். பிறகு உன் மகள் சொன்னாள். "அது கஷ்டப்படக் கூடாது, அதுக்காகத்தான்னு எல்லாரும் சொல்றாங்க சித்தி. அது இன்னா வந்து கேட்டுச்சா? எனக்குத்தான் பயமா கீது. என்னாலதான் முடியாது. அதுக்காகன்னு நான் சொல்லமாட்டேன்."

உன் குரல் மாதிரியே இருந்தது. 

போன வாரம் முடிந்தது. நான்தான் கூடப் போனேன். நீ போய்விட்டு வந்த மாதிரி இல்லை அக்கா இது. மாதம் ஏறிவிட்டதால் வலி வரவைத்துப் பெற்றெடுக்க வேண்டியிருந்தது. ஆண் என்றார்கள். பார்க்கிறாயா என்று நர்ஸ் கேட்டபோது, செல்வி பார்க்கிறேன் என்றாள். ஒரு தடவை தொட்டாள். உனக்குப் பேரன் அவன். எனக்கு அப்படித்தான் சொல்ல வருகிறது. சரியா என்று கேட்டால் தெரியாது.

நேற்று அவளைக் காட்டுப்பாக்கத்தில் விடப் போனேன். தெருவில் எல்லாரும் விசாரிப்பார்கள், கலஞ்சிடுச்சின்னு சொல்லிக்கோ என்றாள் மாமியார். செல்வி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல, மெதுவாகக் கேட்டாள். "அம்மா அத்தினி பேருக்கு முன்னால நெஜத்த சொல்லிச்சு. என்னால முடியாது சித்தி. ஆனா அந்த வார்த்த உன்னுதுன்னு அம்மா சொல்லும். அத எடுத்துக்க எனக்குக் கூசுது."

அக்கா, நீ அன்றைக்கு எனக்காகக் காத்து வைத்த சொல்லை உன் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். "எடுத்துக்கோட்டி. எங்கிட்டதான் ரெண்டு இருக்குல்லா" என்றேன்.

உனக்குப் பிடிக்காது என்று தெரியும். கோபித்துக்கொள். இனிமேல் யார் கேட்டாலும் அவளுக்கு முன்னால் நானே வாயைத் திறந்து, கலைந்துவிட்டது என்று சொல்வேன். என்றைக்காவது அவளே அந்த எழுத்தை மாற்றிச் சொல்ல நினைத்தால், அன்றைக்கும் அவள் பக்கத்தில் நிற்பேன், யாரும் டீயைக் குடிக்காமல் எழுந்து போக விடமாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு பிறக்காத தங்கச்சி,
கோமதி