நாற்பத்தோராம் வாயிலுக்கு வழி சொன்ன ஹாஜி

அனுப்புநர்:
நெஸ்ரின் பக்ரி ஷலபி,
மொழிபெயர்ப்பாளர்,
மருந்துக்கடை மாடி, ரயில் நிலையச் சாலை,
தந்தா.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
பணியாளர் ஒழுங்குப் பிரிவு,
அல்-வாஹா பன்னாட்டு விமான நிலையம்.

பொருள்: பேருந்து ஓட்டுநர் கமீஸ் பயூமி மீதான விசாரணை – அவர் குறிப்பிட்ட ஹாஜி கற்பனை அல்லர் என்பதைத் தெரிவித்து, குற்றச்சாட்டைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் புதிய முனையத்தில் பயணிகளை விமானத்தடிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர் கமீஸ் பயூமி, கடந்த மாதம் நாற்பத்தோராம் வாயிலுக்குத் தாமதமாக வந்ததற்காகவும், காரணம் கேட்டபோது "ஒரு ஹாஜி வழி சொன்னார்" என்று பொய் சொன்னதற்காகவும் இடைநீக்கம் செய்யப்பட்டுள்ளார். வரும் செவ்வாய்க்கிழமை விசாரணையில் அவருடைய வேலை போய்விடக்கூடும் என்று அறிகிறேன். கடைக்காரர் என் பெயரைக் கேட்டாலே சொல்லத் தயங்குபவள் நான். குடும்ப விஷயத்தை அலுவலகக் கோப்பில் ஏற்றுவது எனக்கு உவப்பானதல்ல. வேறு வழியில்லாததால் எழுதுகிறேன். வழி என்ற சொல்லைத் தங்கள் முனையத்தைப் பற்றிய கடிதத்தில் பயன்படுத்துவதற்கு மன்னிக்கவும்.

1. அன்று நானும் என் தந்தை பக்ரி ஷலபி அவர்களும் விமானத்தில் அம்மான் நகருக்குச் செல்லவிருந்தோம். மறுநாள் அங்கே என் அக்காள் மனாருக்குத் திருமண ஒப்பந்தம். பெண்ணின் தந்தை மாப்பிள்ளையின் கையைப் பிடிக்காமல் அது நடக்காது. ஆகவே நாங்கள் நேரத்தோடே வந்தோம்.

2. தங்கள் முனையத்தில் நேராகச் செல்லவும் மேலே செல்லவும் ஒரே அம்புக்குறிதான். அது கூரையைக் காட்டுகிறது. என் தந்தை ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். வரைபடக் குறிகளை மதிப்பவர். எனவே மின்தூக்கியில் மேலே போனோம். அங்கே முதல் வகுப்புப் பயணிகள் சாய்ந்து அமர்ந்து அத்திப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். எங்களைப் பார்த்ததும் ஒருவர் தட்டை இன்னும் கொஞ்சம் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். கீழே இறங்கியபோது பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே நின்றோம். இரண்டாவது முறை சோதனை. பிறகு இன்னொரு கதவு, மூன்றாவது சோதனை. அதன்பின் என் தந்தை பெல்ட்டை இடுப்பில் கட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

3. தகவல் மேசையில் "இதோ வருகிறேன்" என்ற அட்டையும் பாதி குடித்த தேநீரும் இருந்தன. தேநீர் ஆறியிருந்தது.

4. ஆகவே மனிதர்களைக் கேட்டோம். வாசனைத் திரவியக் கடைப் பெண், "நேரா போங்க ஹாஜி, கண்ண மூடிக்கிட்டே போயிரலாம்" என்றார். தரை துடைத்துக்கொண்டிருந்தவர், "அங்கயா போனீங்க? ஐயையோ, யாரு சொன்னது? திரும்பி வலப் பக்கம் போங்க ஹாஜி" என்றார். சீருடை அணிந்த ஒருவர் எங்களுடன் கொஞ்ச தூரம் நடந்தே வந்து, ஒரு சுவரைக் காட்டி, வாழ்த்திவிட்டுச் சென்றார். எவருக்கும் வழி தெரியவில்லை. எவரும் அதைச் சொல்லவில்லை. தாங்களும் இந்நாட்டவரே, கேட்டு வந்தவரிடம் "தெரியாது" என்று சொல்வது நம்மிடையே வாசலில் நிற்கும் விருந்தாளியின் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய பயண நூல்களை விரும்பிப் படிப்பவள் நான். பாலைவனத்தில் திசை தவறியவர்கள் அவற்றில் ஏராளம். அவர்களுக்கு நட்சத்திரங்களாவது இருந்தன. யாரும் அவர்களுக்கு உதவவும் இல்லை.

5. இனி விசாரணைக்கு உரிய பகுதி. மாலைத் தொழுகைக்காக என் தந்தை தொழுகை அறைக்குச் சென்றார். பக்கத்தில் தொழுதவர் ஓட்டுநர் கமீஸ். தொழுகை முடிந்து இருவரும் கைகுலுக்கி, பேசிக்கொண்டே வெளியே வந்தனர். பழைய முனையத்திலிருந்து அன்றுதான் மாற்றப்பட்டவர் என்பதால் கமீஸ் கேட்டார்: "ஹாஜி, நாப்பத்தோராம் வாயில் எந்தப் பக்கம்?"

ஐயா, அந்த வாயிலைத்தான் நாங்களும் மதியத்திலிருந்து தேடிக்கொண்டிருந்தோம்.

என் தந்தை கண் இமைக்கவில்லை. "நேரா போப்பா, பேரீச்சம்பழக் கடை வரும், அதத் தாண்டி இடது பக்கம் கடைசி" என்றார். கமீஸ் நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லி ஓடினார்.

"பாபா, வழி தெரிஞ்சா நாம ஏன் இன்னும் இங்க நிக்கிறோம்?" என்று கேட்டேன்.

"நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். "அவன் கேட்டான், சொன்னேன். பின்ன, பக்கத்துல தொழுத பிள்ளைய வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

6. நாங்கள் எதிர்த்திசையில் சென்றோம். வாயில் அங்கேதான் இருந்தது. விமானம் புறப்பட வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தும், பயணிகள் அனைவரும் நின்றுகொண்டிருந்தனர். பேருந்து இருந்தது; ஓட்டுநர் இல்லை. அவர் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் விமானம் எங்களை விட்டுவிட்டுப் போயிருக்கும். என் அக்காளின் திருமணம் நடந்தது அந்தத் தாமதத்தால்தான். அத்தாமதம் ஒரு குற்றமானால், அதன் பலனை அனுபவித்தவர்கள் நாங்கள்.

7. கமீஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது நான் வரிசையின் முன்னால் கடவுச்சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன்; என் தந்தை பின்னால் கூட்டத்தில் நின்றிருந்தார். மேற்பார்வையாளர் கத்தியது மட்டும் கேட்டது: "ஹாஜி சொன்னாராம், ஹாஜி! எங்கடா அந்த ஹாஜி? இந்தக் கூட்டத்துல இருந்தா காட்டு பாப்போம்!" பின்னால் என்ன நடந்தது என்பதை விமானத்தில் என் தந்தை சொல்லித்தான் அறிந்தேன். உணவுத் தட்டைத் தொடாமல் வைத்திருந்தார். "அவன் என்னப் பாத்தான் நெஸ்ரின். நல்லாப் பாத்தான். பாத்துட்டு, 'இங்க இல்ல சார்'னுட்டான்."

"நீங்க என்ன பண்ணீங்க, பாபா?"

"கூரையப் பாத்தேன்" என்றார்.

8. மறுநாள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபோதும் அவர் முகம் தெளியவில்லை. திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் கமீஸைத் தேடினோம். வாயிலில் இருந்த இன்னொரு ஓட்டுநர், "கமீஸா? வீட்ல உக்காந்திருக்கான். எந்த ஹாஜின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான், கழுதை" என்றார். அந்த வசைச்சொல்லில் இருந்த மரியாதை கோப்பில் பதிவாகாது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

9. அப்படி ஒரு ஹாஜியே இல்லை என்று மேற்பார்வையாளர் எழுதியிருப்பது ஒருவகையில் சரி. என் தந்தை இன்னும் ஹஜ் செய்யவில்லை. ஆயினும் நரைத்த தலையோடு நடமாடும் எவரும் நமக்கு ஹாஜியே. கமீஸ் பொய் சொன்னது ஒரே ஒருமுறை. "இங்க இல்ல சார்" என்றபோது. அந்தப் பொய்க்கு அவரைத் தண்டிப்பதானால், முதலில் கேட்கப்பட வேண்டியவர் யார் என்பதைத் தாங்கள் முடிவு செய்யலாம்.

ஆகவே, கமீஸ் பயூமி மீதான குற்றச்சாட்டைக் கைவிட்டு அவரை மீண்டும் பணியில் அமர்த்தவும், இயன்றால் அந்த அம்புக்குறிகளைத் தரைக்குத் திருப்பவும் மிகுந்த பணிவுடன் வேண்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை என் தந்தை நேரில் வந்து சாட்சி சொல்வார். தங்கள் அலுவலகத்துக்கு வழி விசாரிக்கலாம் என்றேன். தமக்குத் தெரியும் என்கிறார். எனவே நாங்கள் வந்து சேரும்வரை விசாரணையை முடித்துவிட வேண்டாம். வரவில்லை என்று எழுதிவிடவும் வேண்டாம். கட்டடத்துக்குள்தான் எங்கேயாவது நடந்துகொண்டிருப்போம்.

இடம்: தந்தா
நாள்: 09.11.2019

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெஸ்ரின் பக்ரி ஷலபி

மேற்கண்டவை படித்துக் காட்டப்பட்டன. கூரை பற்றிய வரியை நீக்கச் சொன்னேன், மகள் மறுத்துவிட்டாள். அது இருக்கட்டும். அந்த ஹாஜி நான்தான்.
(ஒப்பம்) பக்ரி ஷலபி