நாள் எழுதாத பெயர்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்
10-10-2025

அன்பு மகன் செல்வகணேஷுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகம் தெரியாமல்தான் எழுதுகிறேன். பதினொரு நாளாக நீ போன் எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. அப்பா சாலைக் கடையிலிருந்து வந்ததும் "பய பேசினானா" என்பார். பேசினான் என்று பொய் சொல்கிறேன்.

போன மாதம் பரீட்சைக் கட்டணம் என்று இரண்டு தடவை கேட்டாய். இரண்டையும் நீ சொன்ன வேறொரு நம்பருக்கு அனுப்பி, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பரீட்சைக்கு இரண்டு கட்டணம் உண்டா, மக்களே?

ஓணத்துக்கு வந்தபோது உன் போனில் அஞ்சு என்று ஒரு பெயரைப் பார்த்தேன். எந்நேரமும் அவள்தான். பதினேழு வயதில் இது எதற்கு? அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார். கோபத்தோடுதான் பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். ஆனால் புஷ்பாஞ்சலிக்கு உன் பெயரைச் சொன்னதும் அவள் பெயரும் வாயில் வந்துவிட்டது. கவுண்டரில் "நாள்?" என்று நட்சத்திரம் கேட்டார்கள். உனக்கு விசாகம். அவள் நட்சத்திரம் எனக்கெப்படித் தெரியும்? ரசீதில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அதையாவது எழுது.

தீபாவளிக்குச் சட்டை எடுத்தாயிற்று.

உன் அம்மா,
பொன்னம்மை


ஹாஸ்டல்,
திருச்சூர்
17-10-2025

அம்மா,

பள்ளிக்கூடத்தில் மலையாளம்தானே படித்தேன், எழுத்துத் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

அஞ்சு என்று யாரும் இல்லை. பெண்ணே இல்லை. பேசிப் பழகி, வீடியோவில் வரச் சொல்லி, நான் அறியாமல் எடுத்துவிட்டார்கள். யாருக்கும் காட்டக் கூடாத படம். பரீட்சைக் கட்டணம் அவர்களுக்குத்தான் போனது. கொடுத்தால் அழித்துவிடுவோம் என்றார்கள். கொடுத்த பிறகும் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் அப்பாவுக்கு அனுப்புவார்களாம். உன் நம்பரும் அவர்களிடம் இருக்கிறது. மணி அடித்தாலே போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறேன். அது நீ என்றாலும்.

தெரியாத நம்பரில் படம் வந்தால் திறக்காதே. அப்பாவிடம் சொல்லாதே. தீபாவளிக்கு வரமாட்டேன். அதற்கப்புறமும் வருவேனா, தெரியாது.

ரசீதில் அந்தப் பெயரை வெட்டிவிடு.

செல்வகணேஷ்


ஹாஸ்டல், கீழ்த்தளம்
22-10-2025, பகல் ஒரு மணி

மக்களே,

நீ கீழே வர மாட்டாய் என்று உன் அறைக்காரப் பையன் செல்வின் சொன்னான். அதனால் வாட்ச்மேனிடம் பேனா வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். செல்வின் மேலே கொண்டுவருவான்.

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. முந்தின நாள், தீபாவளிக் காலையிலேயே படம் வந்துவிட்டது. யாரோ வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று திறந்துவிட்டேன். எண்ணெய்க் கையோடு அடுக்களையில் நின்றேன். உன்னைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வேறு யாரிடம் சொல்ல?

நேற்று சைபர் போலீஸ் நம்பர் 1930-க்குப் பேசினேன். எந்த நம்பருக்கு, எந்தத் தேதியில் பணம் போனது என்று கேட்டாள் அந்தப் பெண். நோட்டைப் பார்த்துப் படித்தேன். புகார் பதிந்தாயிற்று. இனி பைசா கொடுக்க வேண்டாம், பதில் போட வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம் என்றாள். கடைசியில் மெல்ல, "மோன் ஒற்றைக்காணோ, அம்மே?" என்று கேட்டாள். ஆமாம், தனியாகத்தான் இருக்கிறான் என்று என் வாயால் சொன்ன பிறகு எனக்கு வீட்டில் நிற்க முடியவில்லை. விடிகாலை வண்டியைப் பிடித்தாயிற்று.

அப்பாவைச் சொல்லித்தான் அவர்கள் உன்னை மிரட்டினார்கள். என் கடிதத்தில் நானும் அதையேதான் எழுதியிருக்கிறேன். வண்டியில் அந்த வரியே நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அம்மாவை மன்னித்துக்கொள்.

அந்தப் பெயரை வெட்டவில்லை. நாள் எழுதாத பெயருக்குப் பின்னால் எவன் இருந்தாலும் பிள்ளையார் கண்டுகொள்ளட்டும்.

அம்மா


மாடி, 1.20

அம்மா,
முழுசா பாத்தியா? அப்பாவுக்கும் வந்துச்சா?
செ.


கீழே, 1.25

உன் முகம் தெரிந்ததும் மூடிவிட்டேன். அப்பாவுக்கு வரவில்லை. உனக்குக் காய்ச்சல், மேலுக்கு முடியவில்லை என்று சொல்லிக் கூட்டிவந்தேன், ரயிலில் வைத்து நான்தான் விவரம் சொன்னேன். கொல்லம் தாண்டியதும், "பய சாப்பிடுதானா என்னான்னு கேளு" என்றார். இப்போது ஹாஸ்டல் வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார். அவரைப் பார்த்தால் உனக்குக் கூச்சமாக இருக்குமாம்.

அம்மா


மாடி

முகம் கழுவிட்டு வரேன். அப்பாவ உள்ள நிழல்ல வந்து இருக்கச் சொல்லு.