செத்தவளுக்குக் கட்டிய தாலி

அன்புள்ள பேச்சிச்செல்விக்கு,

மில்லர்புரத்து அறையில் எனக்கு எதிர்க் கட்டிலில்தான் தூங்குகிறாய். நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

விக்டோரியா ராணி காலத்தில் லண்டனை அழவைத்த, நாளை நாம் போடப்போகிற அந்த நாடகம் கப்பலேறி, கொழும்பு வழியாக இங்கே வந்த கதையை எம்.ஏ. ஆய்வுக்காகத் தேடியவள் நான். லண்டனில் கதாநாயகி காதலன் மடியில் சாவாள். தூத்துக்குடியில் அதைத் தமிழில் போட்டபோது, அவள் பிழைக்காமல் கலைய மாட்டோம் என்று சனங்கள் கூச்சல் போட்டதால், செத்தவளை எழுப்பித் தாலி கட்டவைத்தார்கள். வேம்பாரில் உப்பளத்துக்குப் போகும் என் அம்மாவிடம் இதைச் சொன்னதற்கு, "பின்ன? அழுதுகிட்டே வீட்டுக்குப் போவச் சொல்லுதியா?" என்றாள்.

நம் நாடகக் குழுவிலும் பெருமையாகச் சொன்னேன். இயக்குநர் அண்ணாச்சி துள்ளிக் குதித்தார். "ஏளா, அப்போ நம்மளும் தாலியக் கட்டிருவோம்!"

கட்டுபவர் செந்தூர்வேல். கட்டிக்கொள்பவள் நீ. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை.

அவர் விரல் கழுத்தில் பட்டதும் நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பு நாடகத்தில் இல்லை.

நேற்று ஒத்திகையில், "செத்தாலும் பிழைச்சாலும் உங்க கூடத்தான்" என்ற வரியை மறந்து நின்றாய். நான் எடுத்துக்கொடுத்தேன். அவர் உன்னை விட்டுத் திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். நேற்று அந்த வரியை அவரிடம் முதலில் சொன்னது என் குரல்.

நாளை மேடை, மாலை, கைதட்டல் எல்லாம் உனக்கே இருக்கட்டும். அந்த ஒரு வரியை மட்டும் மறந்துவிடு.

இப்படிக்கு,
திரைக்குப் பின்னால் நிற்பவள்