ரைசாவின் புது ரத்தம்

முதலிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் தமீமுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் உன் தங்கை ரைசாவும் நலம். இந்த வரியை மனசார எழுதிப் பல வருஷம் ஆகிறது. போனில் பேசினால் பாதியிலேயே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

எலும்பு மஜ்ஜை மாற்றிய பின் வேலூரில் ஆறாம் மாதப் பரிசோதனை முடிந்தது. ரைசா உடம்பில் இப்போது ஓடுவது முழுக்க நீ கொடுத்த மஜ்ஜையில் ஊறிய ரத்தம்தான் என்றார் டாக்டரம்மா. வயிற்றுப்போக்கு நின்று இரண்டு மாதம். இன்சுலினும் தைராய்டு மாத்திரையும் தொடர வேண்டும். கெட்டுப்போனது திரும்பாதாம், இனி புதிதாக எதுவும் கெடாது என்று நம்புகிறார்கள். நேற்று மூன்று இடியாப்பம் சாப்பிட்டாள். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

கால் முழுக்க நீலம் பாரித்துப் பள்ளிக்கூடம் போனவளிடம், வீட்டில் அடிக்கிறார்களா என்று டீச்சர் கேட்டது நினைவிருக்கிறதா? ரத்தத்துக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் என்று அலைந்தோம். நீதான் எல்லா ஃபைலையும் ஒரே பையில் போட்டு, "இது தனித்தனி நோய் இல்லீங்கத்தா, ஒண்ணுதான்" என்றாய். நீ என்ன டாக்டரா என்று கேட்டேன். என் பிடிவாதத்தில் ஒரு வருஷம் போனது. கிருமியோடு சண்டை போட வேண்டிய ரத்த அணுக்கள் அவள் உடம்போடேயே சண்டை போடுகின்றன, அபூர்வமான மரபணுப் பிழை என்று வேலூரில் சொன்னபோது, நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பிழை பாதி என்னிடமிருந்தும் பாதி உன் அம்மாவிடமிருந்தும் வந்ததாம். மாமன் மகளைக் கட்டியவன் நான். சொந்தக்காரர்கள் உன் அம்மாவை மட்டும் குறை சொன்னபோதெல்லாம் வாயே திறக்காமல் இருந்தேன். போன வாரம் உன் மாமி வீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "நூர்ஜான் மேல பழி போடாதீங்க. பாதி எங்கிட்ட இருந்து வந்ததுங்க." அம்மா தலை நிமிராமல் பரிமாறினாள். வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

ரைசா கல்லூரி விண்ணப்பம் நிரப்பினாள். ரத்த வகைக்கு ஓ பாசிட்டிவ் என்று சொல்லிக்கொடுத்தேன். இல்லை, மாறிவிட்டது, இப்போது அண்ணனைப் போல பி பாசிட்டிவ் என்று சிரித்தபடி எழுதினாள்.

மஜ்ஜை எடுத்த இடத்தில் உன் இடுப்பு வலி போய்விட்டதா? மறைக்காமல் எழுது. சார்ஜா வெயிலில் நிறையத் தண்ணீர் குடி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக. பெருநாளுக்கு லீவு கேட்டுப் பார், கண்ணு. இந்தத் தடவை கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு நானும் வருவேன்.

வஸ்ஸலாம்.
உன் அத்தா,
காஜா மொய்தீன்