தக்காளிப் பருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொல்ல வராததால் எழுதுகிறேன். நான் முதலில் கவனித்தது தக்காளிப் பருப்பைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் நீ, "சாப்பிட்டாச்சா? என்ன குழம்பு?" என்று கேட்பாய். நானும் திருப்பிக் கேட்பேன். நாலு வாரமாக உன் பதில் தக்காளிப் பருப்பு. உகாதிப் பண்டிகை வந்த வாரமும் அதேதான்.

உன்னைப் போலவே குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மங்கதாயாரு அத்தையிடம் சொன்னேன். "சோறு போடாத வீட்டுல இருந்தா வாய்க்கு வந்த குழம்பைத்தான்டி சொல்வோம். நான் ரெண்டு வருஷம் மீன் குழம்பாவே தின்னேன், போன்ல" என்று சிரித்தார்.

அதனால்தான் போன வாரம் நீ கேட்டபோது, "குழம்பு வைக்கலைம்மா, வெறும் ஆவக்காய் ஊறுகாய்தான்" என்று நானே முதலில் உள்ளதைச் சொன்னேன். அப்போதுதான் நீ, "நேத்துக் காலையில ஒரு ரொட்டி தின்னேன். அவ்வளவுதான்டி" என்றாய்.

மறுநாள் ராஜோல் ஊரில் இருக்கும், உன்னை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவர் வாசலிலேயே, "என்னம்மா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றார். நல்லா இருக்கோம் என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இல்லைங்க. அம்மா நல்லா இல்ல. அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

உன் பெரிய பெண்