மட்டக்களப்புக்குப் பதினாறு லீற்றர்

செப். 6, சனி

காலையிலிருந்தே கச்சான் காற்று. முற்றம், குசினி, வாய் எல்லாம் மண். மகள் துஷிக்குக் கடிதம் வந்துவிட்டது. மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி, மூன்று வருடம், 20ஆம் திகதி விடுதியில் நிற்க வேண்டும். அவள் துள்ள, நானும் துள்ள, கதிரை ஒன்று விழுந்து கால் உடைந்தது. கதிரையின் கால்.

பின்னேரம்தான் யோசனை. மாதத்தில் இரண்டு ஞாயிறு பெற்றோர் போய்ப் பார்க்கலாமாம். ஆனால் மனைவி வசந்திக்கு பஸ் சரிவராது. கிண்ணியாப் பாலம் தாண்டமுதலே வாந்தி. கார் ஓடினால்தான் தாய் பிள்ளையைக் காணலாம். வீட்டுக் காசோ வசந்தி கையில்.

"மாதம் பதினாறு லீற்றர் பெற்றோலுக்குக் காசு தருவன். அதுக்கு மேல ஒரு சொட்டும் ஏலாது. விடுதிக் காசும் கட்டவேணும்."

"ஒருக்காப் போய்வர எவ்வளவு முடியும் எண்டு கணக்குப் பாப்பமே?"

"பாருங்கோ. ஓ.எல். சோதினையில கணக்குக்கு என்ன எடுத்தனீங்கள்?"

பரீட்சையை இரண்டு தரம் எழுதியதைச் சொல்லவில்லை.

செப். 7, ஞாயிறு

வெயில். கணக்கு:

போன் மேப்பில் மட்டக்களப்பு போக வர 270 கி.மீ.
எங்கள் கார் லீற்றருக்கு 14.
ஆக 19 லீ. சொச்சம். பதினாறுக்கு மூன்று கூடுதல்.

போன வருடம் வரை பதினைந்துக்கு மேல் ஓடிய கார். தம்பலகாமத்தில் மாமனார் வீட்டு வீதியில் காரின் அடி தட்டுகிறது என்று கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கும் றபீக் நானாவிடம் கொடுத்துப் பெரிய ரயர் போட்டேன். அன்றோடு குறைந்தது. என்ஜினில் ஏதோ கைவைத்துவிட்டார் என்பது என் தீர்ப்பு. பிறகு அவர் கராஜ் பக்கம் போகவில்லை. வழியில் கண்டால் ஆகாயத்தைப் பார்ப்பேன்.

செப். 9, செவ்வாய்

வேலை முடிந்து வந்து, பாரம் குறைக்க டிக்கியைத் திறந்தேன். வெளியே எடுத்தவை:
அரைப் பை சீமெந்து (கல்லாகிவிட்டது)
மச்சானின் மீன்பெட்டி (மணத்தோடு)
தேங்காய் மூன்று. ஒன்று முளைத்திருந்தது
துஷி பத்தாம் வகுப்பில் தொலைத்த குடை. அன்று அவளுக்கு விழுந்த ஏச்சை இனி யார் திருப்பி எடுப்பது?

ரயருக்குக் காற்று சரிபார்த்தேன். துறைமுகத்தில் லொறி ஓடும் சிறியிடம் பெற்றோல் மிச்சம் பிடிக்க யோசனை கேட்டேன். "அண்ணை, முன்னால ஆட்டோ போனா பின்னாலயே போங்கோ. முந்தவும் வேண்டாம், கிட்டப் போய் பிறேக் அடிக்கவும் வேண்டாம். ஏசியை மறந்துபோங்கோ." ஏசி எங்கள் காரை மறந்து மூன்று வருடம்.

செப். 13, சனி

சோதனை ஓட்டம், வெருகல் கோயில் வரை. பெற்றோல் செட்டில் முட்ட நிரப்பிக்கொண்டு ஐம்பதுக்கு மேல் போகாமல் ஓடினேன். மூதூருக்குக் கிட்ட உழவு இயந்திரம் ஒன்று எங்களை முந்தியது. ஓட்டியவர் ஆறுதலாகக் கை காட்டிவிட்டுப் போனார்.

தலை சுற்றாமல் இருக்க வசந்தி வீதியோரக் கிலோமீற்றர் கல்லைப் பார்த்தபடி வந்தாள். திடீரென்று, "இஞ்சப்பா, மூதூர் தாண்டி இருபது கல் வந்திட்டுது. உங்கட மீற்றர் பதினெட்டுத்தான் காட்டுது."

"நீ ஒரு கல்லை ரெண்டு தரம் எண்ணியிருப்பாய்."

"என்னெண்டு எண்ணுறது? கல்லிலயே இலக்கம் எழுதியிருக்கு!"

"அப்ப நட்டவன் பிழையா நட்டிருக்கிறான்."

பின்சீற்றில் துஷி சிரிப்பை அடக்க ஏலாமல் போனைத் திறந்தாள். "அப்பா, போனும் இருபது எண்டுதான் சொல்லுது. கல்லும் சரி, அம்மாவும் சரி."

கோயிலில் முருகனிடம் பிள்ளைக்காக இரண்டு வார்த்தை, மீற்றருக்காக நாலு வார்த்தை.

திரும்பி வந்து நிரப்பியது 7 லீ. மீற்றரில் 108 கி.மீ. அந்தக் கணக்கில் மட்டக்களப்புக்கு 17½ லீ. வேண்டும், ஏலாது. போன் சொல்வது 120 கி.மீ. அந்தக் கணக்கில் 15¾. ஏலும்!

வசந்தி: "எது பிழை எண்டு தெரிஞ்ச ஆளிட்டக் கேட்டு வாங்கோ. குருட்டுக் கணக்குக்குக் காசு தரமாட்டன்."

தெரிந்த ஆள் ஒருவர்தான், றபீக் நானா. ஆகாயம்.

செப். 14, ஞாயிறு

காற்றுக் கொஞ்சம் குறைவு. கராஜ் வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன். றபீக் நானா காருக்குக் கீழே இருந்தபடியே, "வாங்க தம்பி. இண்டைக்கு ஆகாயத்துல ஒண்டுமில்லயா?"

எல்லாம் சொன்னேன். எழும்பி வந்து ரயரில் தட்டினார்.

"பெரிய ரயர் ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும். மீற்றர் சுத்தைத்தான் எண்ணும். பத்து ஓடினா ஒம்பது காட்டும். போட்ட அண்டைக்கே சொன்னேன்தானே? நீங்க, பழைய ரயருக்கு நான் எவ்வளவு தருவேன் எண்டதுலயே நிண்டீங்க."

உண்மை. அப்படித்தான் நின்றேன். கார் ஒருநாளும் குறைய ஓடவில்லை. ஒரு வருடமாக நல்ல மனிதனை மனதுக்குள் கள்ளனாக்கி வைத்திருக்கிறேன். "நானா, உங்களைப் பிழையா நினைச்சுப்போட்டன்" என்றேன்.

"தெரியும். உங்கட மூஞ்சி ஒண்டையும் ஒளிக்காது. தேத்தண்ணி குடிங்க. மகள் படிச்சு வந்தா எனக்கு நோகாம ஊசி போடச் சொல்லுங்க."

வீட்டில் சொன்னேன். வசந்தி அலுமாரியைத் திறந்து காசு எடுத்துத் தந்தாள். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் தடவை.

செப். 20, சனி

விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டோம். நான் வெறுமையாக்கிய டிக்கியில் அரிசி, மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, மெத்தை, வாளி, வாளிக்குள் இன்னொரு வாளி. பாரம் கூடினால் பெற்றோல் கூடும் என்று சொல்லவில்லை. எனக்கும் உயிரில் ஆசை உண்டு.

விடுதி வாசலில் துஷி, "மாதம் ஒருக்கா கட்டாயம் வருவீங்கள்தானே?" என்றாள். "பதினஞ்சே முக்கால்" என்றேன். அவளுக்கு விளங்கியது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

திரும்பும்போது கார் நல்ல லேசாக ஓடியது. வாகரையில் நிறுத்தித் தேத்தண்ணி, எனக்கு வழக்கம்போல ஒரு வாய் வெற்றிலை. காரில் ஏறியதும் வசந்தி:

"மற்ற ஞாயிறும் பாக்க விடுவினம் என்ன?"

"ஓம்."

"ரெண்டு தரம் எண்டா எவ்வளவு?"

"முப்பத்தொண்டரை."

வெருகல் பாலம் தாண்டினோம். பிறகு:

"உங்கட வெத்திலைக்கு மாதம் எவ்வளவு போகுது?"

கண்ணாடியை இறக்கி, கடைசி வாய் வெற்றிலையைத் துப்பினேன்.